சவளக்கடையில் உயிருள்ள பூச்சி கிடைக்கவில்லை

அம்பாறைக் கரையோரத்தில் வயலுக்கு வைத்தியம் பார்ப்பவன் மருந்து விற்பவன். நோயைச் சொல்வது அவன், போத்தலைத் தருவது அவன், பூச்சி சாகாவிட்டால் இன்னும் இரண்டு போத்தலைக் கலந்து அடிக்கச் சொல்வதும் அவன்.

இந்த ஜனவரி நடுவில் நானும் ராத்தாவும் கண்டியிலிருந்து கல்முனைக்குப் போனது பூச்சி பிடிக்க. ராத்தா, என் மூத்த சகோதரி ரிஸ்மியா, பூச்சிகளின் மூளையை ஆராய்பவள். மூளைக்குள் ஒரு சாயத்தை ஏற்றி நீல ஒளியைப் பாய்ச்சினால், வேலை செய்கிற நரம்புக் கலங்கள் பச்சையாக மினுங்கும். நஞ்சு பட்டதும் எந்தக் கலம் துடிக்கிறது, எது சும்மா இருக்கிறது என்று நேரே பார்க்கலாம். நெல்லைக் கருக்கும் தத்திப்பூச்சி, ஊர்ப்பேச்சில் அறக்கொட்டி, இப்போதெல்லாம் ஏன் மருந்துக்கு அசைவதில்லை என்பதுதான் அவளுடைய கேள்வி. அதற்கு வயலில் வளர்ந்த, அண்மையில் மருந்து படாத பூச்சி உயிரோடு வேண்டும். நுணுக்குக்காட்டி இரவல் வாங்கியது. மாத முடிவில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

காலை ஐந்தரைக்குக் கண்டியில் ஏறினால் மஹியங்கனை, அம்பாறை வழியாக ஏழு மணித்தியாலம். வளைவுகளில் ராத்தா மடியிலிருந்த வலைப்பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என்ன தங்கச்சி, கோழிக்குஞ்சா?" என்றார் நடத்துநர்.

"இப்ப ஒண்டுமில்ல. திரும்பி வரக்குள்ள பூச்சி இரிக்கும்."

அவர் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவில்லை.

கல்முனையிலிருந்து சவளக்கடைக்கு ஓட்டோ ஆயிரம் கேட்டு எண்ணூறுக்கு வந்தது. வழியில் தண்ணீரைக் குறுக்கே கடக்கும் தாழ்வான கல்பாதைதான் கிட்டங்கித் தாம்போதி; அதற்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் இந்தப் பாதை கிடையாது. மழைக்கு மழை பாய்கிறது, தேர்தலுக்குத் தேர்தல் பாலம் கட்டுகிறார்கள், வாயால். அன்று கரண்டைக்கால் தண்ணீர்தான்.

வயல் வாப்பாவின் கூட்டாளி சலீம் மாமாவுடையது. வரம்பில் இறங்கியதும் மூக்கு எரிந்தது. பயிரடித் தண்ணீரில் அறக்கொட்டிகள் தவிடு கொட்டியதுபோல மிதந்தன, பாதி செத்தும் பாதி துடித்தும்.

"மாமா, மருந்தடிச்சீங்களா?" என்றாள் ராத்தா.

"ஓம் மகள், நேத்துப் பின்னேரம். மூண்டு மருந்தையும் கலந்து. கடையில அப்பிடித்தான் சொன்னாங்க."

"பூச்சி பிடிக்கத்தானே வாறன் எண்டு சொன்னன்!"

"அதுக்காகத்தான் அடிச்சன். டொக்டர் மகள் வந்து நிக்கக்குள்ள பூச்சி புடிச்ச வயலக் காட்டினா எனக்கு வெக்கமில்லையா?"

பக்கத்து வயல் குணம் அண்ணன் வரம்பிலிருந்து குரல் கொடுத்தார். "தங்கச்சி, பூச்சிக்கும் மூளை இரிக்கா?"

"ஓம் அண்ணன், இரிக்கி."

"அப்ப சலீமுக்கு மட்டும் ஏன் வைக்காம விட்டான்?"

"நீயும் முந்தாநாள் அடிச்சாய்தானே, வாயப் பொத்து!" என்றார் மாமா.

அது உண்மை. ஒருவர் அடித்தால் பூச்சி தன் வயலுக்குத் தாவும் என்று அடுத்தவரும் அடிக்கிறார். வயல்வெளி முழுக்க ஒரே மருந்து நாற்றம். ராத்தா குந்தியிருந்து ஏழெட்டைப் பிடித்தாள், பார்த்தாள், திரும்பத் தண்ணீரிலேயே விட்டாள். நஞ்சு ஊறிய மூளையில் ஒளியைப் பாய்ச்சி என்னத்தைக் காண்பது?

இந்தப் பக்கம் ஆய்வுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். நேரடி பஸ்ஸுக்குக் காத்திராமல் அம்பாறையில் மாறி ஏறுங்கள். தாம்போதியில் எவ்வளவு தண்ணீர் என்று கல்முனை ஓட்டோக்காரர்களிடம் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். வருகிற செய்தியை மட்டும் யாருக்கும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். உங்களை மதிக்கிறவர்கள் உங்கள் ஆய்வைக் கொன்றுவிடுவார்கள்.

பகல் சாப்பாடு மாமா வீட்டில். குணம் அண்ணனும் இன்னும் இரண்டு வயல்காரரும் வந்திருந்தார்கள். ராத்தா சோற்றில் கை வைக்கவில்லை.

"ஒரு பாய் விரிக்கிற அளவு நிலம். ரெண்டு கிழமைக்கு மருந்தில்லாம விடுங்க. மாதம் முடியிறதுக்குள்ள நான் திரும்பி வாறன். ஆர் விடுற?"

மாமா குணம் அண்ணனைப் பார்த்தார். குணம் அண்ணன் மற்ற இருவரையும் பார்த்தார்.

"ஒரு பாயளவுதானே கேக்கிறன். ஆர் விடுறீங்க?"

மாமா இன்னொரு துண்டுக் கோழியை எடுத்து அவள் பீங்கானில் வைத்தார்.