தில்லையம்பலத்தார் ஏறின மலை

டூட்டிங்கில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தில்லையம்பலத்தார் பெரிதாகப் படித்தவர் அல்ல. ஆனால் வெறுங்கையோடு லண்டன் வந்து, தானே கடை போட்டு நிமிர்ந்தவர். ஆகவே தன்னால் ஏலாதது உலகத்தில் எதுவுமில்லை என்பது அவருடைய எண்ணம். 2006 கோடையில் மகள் வாணி, அமெரிக்காவின் மலையும் பாலைவனமுமான தேசியப் பூங்காக்களைக் காரில் சுற்றிக் காட்டுவதாகச் சொன்னாள். உடனே, "உச்சிக்கு ஏறி, படம் எடுத்து, கடையிலை மாட்டுறன்" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்துவிட்டார்.

பாலைவனத்தின் நடுவே ஒரு சிவந்த மலை நின்றது. அடிவாரத்தில் வாணி சாண்ட்விச் நீட்டினாள்.

"பாணைத் திண்டுபோட்டு ஆரும் மலை ஏறுவினமே?"

மோட்டல் அறையில் மனைவி பவளக்கொடி அவித்துக் கட்டிவந்த புட்டையும் மீன் குழம்பையும் ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் அவர் நடக்கத் தொடங்கினார். முதல் வளைவில் மூச்சு வாங்கியது. அடுத்த வளைவில் கண் சொருகியது.

"நீங்கள் போங்கோ. நான் காரைப் பாத்துக்கொள்ளுறன்" என்று கமராவோடு இறங்கிவிட்டார். பவளக்கொடி பச்சைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மகளோடு உச்சிவரை போனாள்.

இப்போது படம் கடைச் சுவரில் தொங்குகிறது.

"அண்ணை, படத்திலை உங்களைக் காணேல்லையே?" என்று கேட்டார் வாடிக்கையாக வரும் தர்மேந்திரன்.

"படம் எடுக்கிறவன் எப்பிடி ஐசே படத்திலை நிப்பான்?"

கல்லாவில் இருந்த பவளக்கொடி தலை நிமிராமலே சொன்னாள்: "ஓம் தம்பி. இவர் கார் பார்க்கிலை நிண்டு எடுத்தவர். உச்சியிலை பச்சைப் புள்ளியாத் தெரியிறது நான்தான்."

"அவ்வளவு தூரத்திலையிருந்து கை நடுங்காமல் எடுக்க வேணுமெல்லே" என்றார் தில்லையம்பலத்தார்.