பன்னீரில் நனைத்த பஞ்சு

சிகரெட்டை விட்ட மனிதன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. மயிலாப்பூரில் எங்கள் குடியிருப்பின் மூன்று மாடிகளுக்கும் தெரிந்த பெயர். தி.நகரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் என் மனைவியின் வீட்டாருக்கும், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்காருகிறவர்களுக்கும்கூடத் தெரியும். "ஒரே நாள்ல விட்டாரு. ஒரு மிட்டாய்கூட வாயில போட்டுக்கல" என்பாள் மனைவி. மாமனார் இருமி இருமிப் போய்ச் சேர்ந்த பதினாறாம் நாள், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, புகை என்று எதுவும் இனி வேண்டாம் என்று கேட்டாள். சரி என்றேன். அன்று மாலையே பாக்கெட்டை அவள் கண்ணெதிரே கசக்கிப் போட்டேன். அது உண்மை. மறுநாள் வேப் என்கிற மின்சிகரெட் ஒன்றைச் சட்டைக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதுவும் உண்மை.

இது புகை இல்லை, ஆவி. இட்லிப் பானையிலிருந்து வருவதும் ஆவிதானே. வக்கீலைப் போல எனக்காக நானே வாதாடி, தீர்ப்பையும் நானே எழுதிக்கொண்டேன். இரண்டு வருடம் ஓடிவிட்டது.

வாஷிங் மெஷின் வைத்திருக்கும் பின்கட்டு பால்கனிதான் என் இடம். எதிர்க் கட்டிடத்தின் சுவர் கையை நீட்டினால் இடிக்கும். நடுவில் ஒரு கீற்று வானம், அதிலும் பாதி கேபிள் வயர். மெஷின் சுற்றும்போது கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் வழியே ஊதுவேன். துணி துவைக்க எவ்வளவு உதவுகிறார் என்று இரண்டாவதாகவும் ஒரு நல்ல பெயர் வந்தது. அழுக்குத் துணி இல்லாத நாட்களில் துவைத்ததையே மறுபடி துவைத்திருக்கிறேன்.

என்னிடம் இருந்தது டிரிப்பர். மற்ற வேப்களைப் போல அதில் திரவத்தை நிரப்பி வைக்கத் தொட்டி கிடையாது. பேட்டரிப் பெட்டியின் தலையில் ஒரு சின்ன எஃகுக் கிண்ணம், அதற்குள் கம்பிச் சுருள், சுருளுக்குள் நுழைத்த பஞ்சு. மூடியைத் திறந்து நாலு சொட்டு விட்டு, மூடி, இழுக்க வேண்டும். ஐந்தாறு இழுப்புக்கு ஒரு முறை மறுபடி சொட்டு. மறந்தால் பஞ்சு கருகித் தொண்டையில் நெருப்பு. கடைகளில் விற்கத் தடை. எப்படியோ எனக்குத் திரவம் கிடைத்துக்கொண்டிருந்தது. எப்படி என்று இங்கே எழுதப்போவதில்லை.

கொய்யா வாசனைத் திரவம் அது. அந்தக் கொய்யாவை முழுசாக வெளியே எடுப்பதற்கு நான் பட்ட பாடு, எழுதுகிற கவிதைகளில் ஒரு வரிக்குக்கூடப் பட்டதில்லை. சுருளைக் கீழே இறக்கி, காற்று நுழையும் துளைக்கு நேர் எதிரே நிறுத்தினால் சுவை திரண்டது. துளையைப் பாதி மூடினால் இன்னும் திரண்டது. மூடிக்குள் இடம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்று ஒரு குட்டி மூடிக்கு மாறினேன். திறந்துவிட்டால் பெரிய மேகம் வரும், ருசி இருக்காது. அடைத்து வைத்தால்தான் ருசி. அடைபட்ட இடத்தில் நின்றுகொண்டு இதைக் கண்டுபிடித்தேன். சிரிக்கத் தோன்றவில்லை.

பஞ்சுதான் பாதி ருசி. இறுக்கித் திணித்தால் திரவம் ஏறாது. தொளதொளவென்று விட்டால் கொப்பளித்து உதட்டைச் சுடும். பஞ்சை உள்ளே நுழைத்து இழுக்கும்போது சுருள் லேசாகத் தயங்கிக் கூடவே வர வேண்டும், அதுதான் பதம். மருந்துக்கடைப் பஞ்சில் ஆஸ்பத்திரி வாசம் அடித்தது. கடைசியில் அகப்பட்டது பூஜை அலமாரியில் இருந்த விளக்குத்திரிப் பஞ்சு, குளத்தங்கரைக் கடைகளில் பொட்டலமாக விற்கிற அதே பஞ்சு. வெந்நீரில் அலசிக் காயவைத்துப் போட்டுப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அன்றிலிருந்து சாமிக்குப் பாதி, எனக்குப் பாதி.

ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில் ஒரு தாம்பாளம் நிறையத் திரிகள் இருந்தன. வழக்கத்தைவிடக் கொஞ்சம் தடிமன், கையால் உருட்டியவை, உலர்ந்திருந்தன. ஒன்றை எடுத்தேன்.

எப்படிச் சொல்வது? முதல் இழுப்பிலேயே கொய்யா கனிந்திருந்தது. அதன் தோலுக்கும் சதைக்கும் நடுவில் எங்கிருந்தோ ஒரு ரோஜா. எந்தப் பாட்டிலிலும் இல்லாத சுவை. மெஷின் நின்றது தெரியாமல் நின்றிருந்தேன். மறுநாள் இன்னொரு திரி, அதற்கு மறுநாள் இன்னொன்று. ஏழு நாளில் ஏழு.

எட்டாம் நாள் மனைவி தாம்பாளத்தோடு வந்தாள்.

"ஏங்க, நாப்பத்தெட்டு திரி பண்ணி வெச்சேன். ஏழு ஏத்தியாச்சு. நாப்பத்தொண்ணு இருக்கணும், முப்பத்துநாலுதான் இருக்கு."

"எதுக்கு நாப்பத்தெட்டு?"

"தம்பிக்குத்தான். பன்னீர்ல நனைச்சு நெழல்ல காயவெச்சது. நாப்பத்தெட்டு நாள் ஏத்தறேன்னு வேண்டிக்கிட்டேன். டாக்டர் என்ன சொன்னாருன்னு மறந்துட்டீங்களா? இன்னும் ஒரு வருஷம் இப்படியே ஊதினான்னா நெஞ்சு தாங்காதாம்."

அவள் தம்பி அடையாறில் இருக்கிறான். தி.நகர் பாத்திரக் கடைக்குப் பின்னால் இருக்கிற சந்தில் நின்று நாளைக்குப் பதினெட்டு சிகரெட் குடிக்கிறவன். ரோஜா எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

"அணில்தாங்க. கூடு கட்டத் தூக்கிட்டுப் போயிருக்கும். பால்கனி ஜன்னல் வழியாத்தான் வருது."

"இருக்கும்" என்றேன்.

மறுநாளே ஆள் வந்து பால்கனி ஜன்னலில் பொடிக்கண் வலை அடித்தான். காற்றே சல்லடையில் சலித்ததுபோலத்தான் வந்தது. நான் ஊதியது வலையில் மோதி என் முகத்துக்கே திரும்பியது. துண்டிலும் தலையணை உறையிலும் கொய்யா ஏறியது. சோப்புத் தூளை மாற்றினேன் என்று சொன்னேன். அவள் உட்கார்ந்து ஏழு திரிகளைப் புதிதாக உருட்டினாள், எதிரே அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்தத் தாம்பாளத்தை நான் தொடவில்லை. ஆனால் சுருளில் இருந்த ஏழாவது திரியைக் கழற்றவும் மனம் வரவில்லை. விடவேண்டும் என்று ஒவ்வொரு சொட்டுக்கும் நினைத்தேன். சொட்டு விட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி வந்தான். அக்காதான் வரச் சொல்லியிருந்தாள், மாமாவிடம் உட்கார்ந்து பேசு என்று.

"மாமா, பதினெட்டு இப்ப மூணு. பத்த வைக்கலாம்னு கை போறப்போல்லாம் உங்க மூஞ்சிதான் ஞாபகம் வருது."

"என் மூஞ்சியா?"

"ஆமா மாமா. அந்த மூஞ்சிய நெனச்சா எதுவுமே புடிக்கல." அவனே சிரித்தான். பிறகு சிரிப்பு போய்விட்டது. "இன்னா மாமா, நெஜமாவே ஒரு தபாகூடத் தோணலையா உங்களுக்கு? நீங்க சொன்னா நம்பறேன். நீங்க முடிச்சிட்டீங்கன்னா நானும் முடிச்சிடுவேன்."

காபி எடுத்துவருகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

சமையலறையில் மனைவி பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். "அந்தத் திரியெல்லாம் எடுத்தது நான்தான்" என்றேன்.

"எதுக்கு?"

பாக்கெட்டிலிருந்து டிரிப்பரை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தேன். மூடியைக் கழற்றிக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். கம்பிக்குள் பழுப்பேறிய பஞ்சு. மூக்கருகே கொண்டுபோனாள். பன்னீர் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"சுடுது" என்றாள். பிறகு, "எவ்ளோ நாளா?"

"விட்ட மறுநாள்லேர்ந்து."

பால் பொங்கி வந்தது. அடுப்பை அணைத்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அவன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல. சொல்லிடறேன்மா."

"சொல்லக்கூடாது." குரலை இறக்கினாள். "சொன்னீங்கன்னா இங்கேர்ந்து எறங்கினதும் நேரா பெட்டிக்கடைதான். அவன் விடற வரைக்கும் நீங்க விட்டவர்தான். அப்புறம் இருக்கு உங்களுக்கு."

டிரிப்பரைப் புளி டப்பாவுக்குள் போட்டு மூடி, எனக்கு எட்டாத மேல் தட்டில் ஏறி வைத்தாள். இரண்டு டம்ளர்களை என் கையில் கொடுத்தாள். "போங்க. எப்படி விட்டீங்கன்னு கேக்கத்தான் வந்திருக்கான்."

நான் உண்மையைச் சொல்லியிருந்தேன். அது போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனாலும் கதவு எதுவும் திறக்கவில்லை.

கூடத்தில் அவன் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் கொடுத்தான். "மொத நாள்லேர்ந்து சொல்லுங்க மாமா."

"மொத நாள் கை சும்மா சும்மா பாக்கெட்டுக்குப் போவும்" என்றேன். "அங்க ஒண்ணும் இருக்காது. தொண்டை வறளும். எதிர்ல யாரு உக்காந்திருந்தாலும் எழுந்து போயிட மாட்டானான்னு இருக்கும்."

"கரெக்ட் மாமா! அப்படியே சொல்றீங்க." காபியைக்கூட மறந்து முன்னால் சாய்ந்தான். "ரெண்டாம் நாள்?"

சமையலறையில் பாத்திர ஓசை நின்றிருந்தது. அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

"ரெண்டாம் நாள் இன்னும் கஷ்டம்" என்றேன்.