மெசினுக்குத் தோதில்லாத மடி

எங்கள் சித்தி பார்த்த வேலையைச் சொன்னால் வகுப்பில் ஒருவரும் நம்பமாட்டார்கள். அவர் செம்மறிகளின் மடிக்கு மதிப்பெண் போடுகிறவர். பால் கறக்கும் மெசினுக்கு எந்த மடி தோதானது, எது தோதில்லாதது என்று பின்னால் குந்தியிருந்து பார்த்து, ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஓர் இலக்கம் சொல்லுவார். நோர்வேயில் சின்னப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் கிடையாது, ஆடுகளுக்கு உண்டு. அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

அந்தக் கோடையில் சித்தி எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் வீட்டில் வந்து நின்றார். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்தவர். வயிறு வற்றியிருந்தது, கையில் பிள்ளை இல்லை. பிள்ளை எங்கே என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரியிலை நிக்குது" என்றார் அம்மா. எப்போது வரும் என்று கேட்டதற்கு அதட்டல்தான் கிடைத்தது.

சில நாட்களிலேயே சித்தி வேலைக்குப் போகவேண்டும் என்று அடம்பிடித்தார். "கொஞ்ச நாள் பேசாமல் இரன்" என்று அம்மா மன்றாடிப் பார்த்தார். கேட்டால்தானே. கடைசியில், "இவளுக்குக் கோடை லீவுதானே, பள்ளிக்கூடமில்லை. கூட்டிக்கொண்டு போ" என்று என்னைத் தள்ளிவிட்டார். என் காதுக்குள் மட்டும், "சித்தியைத் தனிய விட்டிடாதை" என்றார். தனிய விட்டால் என்ன நடக்கும் என்று சொல்லவில்லை. அதனால் எனக்கு எல்லாவற்றுக்கும் பயமாக இருந்தது.

லில்லெஸ்ட்ரோம் ரயில் நிலையத்துக்குப் பண்ணைக்காரி வந்து எங்களைக் காரில் ஏற்றிப் போனார். கொட்டிலை நெருங்கும்போதே குழந்தைகள் அழும் சத்தம் கேட்டது. தாய்களிடமிருந்து பிரித்துவைத்த குட்டிகள் என்று பண்ணைக்காரி சொன்னார். சித்தி ஒவ்வொரு சத்தத்துக்கும் திரும்பிப் பார்த்தார்.

உள்ளே மெசின் ஓடிக்கொண்டிருந்தது. குழாய்களுக்குள் ஏதோ ஒளிந்திருந்து சப்பிக் குடிப்பதுபோல ஒரே சீரான சத்தம். செம்மறிகள் மேடையில் வரிசையாக நின்றன. சித்தி இலக்கம் சொல்ல, பண்ணைக்காரி பதிந்துகொண்டே போனார். காம்பு நிலத்தைப் பார்த்தால் நல்ல இலக்கம், பக்கவாட்டில் நின்றால் குறைந்த இலக்கம். குறைந்ததை வாங்கின ஆடு குளிர்காலத்துக்கு முன் இறைச்சிக்குப் போய்விடும்.

கடைசியாக நின்ற செம்மறிக்குக் குட்டி செத்துப் பிறந்ததாம். பண்ணைக்காரி அதைச் சாதாரணமாகச் சொன்னார். அதன் காம்புகள் இரண்டும் பக்கவாட்டில், உயரத்தில் இருந்தன. மெசின் குடித்து முடித்துக் கழன்று விழுந்த பிறகும் மடியின் கீழ்ப்பாதி பால் மீந்து கனத்துத் தொங்கியது. அந்த ஆடு தலையைத் திருப்பிக் குழாயைப் பார்த்து, வாயைத் திறக்காமல், தொண்டைக்குள் உறுமியது. அப்போதுதான் பிறந்த குட்டியைத் தாய் அப்படிக் கூப்பிடும் என்று சித்தி முன்பு சொல்லியிருந்தார்.

பிறகு சித்தியும் அதே சத்தத்தைப் போட்டார். அவருடைய வாயும் மூடித்தான் இருந்தது. ஓடலாம் என்றால் அம்மா சொன்னது காலைக் கட்டிப்போட்டது.

சித்தி உள்ளங்கையை மடிக்கடியில் கொடுத்து மெல்லத் தூக்கினார். காம்புகளிலிருந்து பால் திரும்பவும் வடிந்தது. பண்ணைக்காரி இலக்கம் கேட்டார்.

"ஒன்பது எண்டு சொல்லுங்கோ சித்தி" என்றேன்.

"பால் கிடக்குது. எடுக்கத்தான் ஆளில்லை" என்று சித்தி தமிழில் யாருக்கோ சொன்னார். பிறகு நோர்வே மொழியில், "இரண்டு" என்றார். கையை மட்டும் எடுக்கவில்லை. அவருடைய சட்டையின் முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்து பரவிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும், "சித்தி ஆட்டுப்பாலைத் தன்ரை சட்டையிலை ஊத்திப்போட்டா" என்று அம்மாவிடம் கோள் மூட்டினேன். அம்மா சிரிக்கவில்லை. அவசரமாகத் தமிழ்க்கடைக்குப் போய், பை நிறைய மல்லிகைப்பூவோடு திரும்பி, சித்தி படுத்திருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

சித்தி வந்த நாள் முதல் துடக்கு, தீட்டு என்று நாங்கள் கோயில் பக்கமே போகவில்லை. பூவைக் கண்டதும் துடக்குக் கழிந்துவிட்டது, இனிப் பிள்ளையும் வந்துவிடும் என்று நானே தீர்மானித்தேன். பால் வற்றுவதற்கு மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நான் பட்டுப் பாவாடையை உடுத்துக்கொண்டேன். அம்மா வெளியே வரும்வரை காத்திருந்து, உள்ளே போனேன்.

"எனக்கும் கொஞ்சம் பூ வையுங்கோ சித்தி."

சித்தி சட்டைக்குள் கைவிட்டு ஒரு துண்டுச் சரத்தை எடுத்து என் தலையில் செருகி, "வடிவாய் இருக்கு" என்றார். கடையில் பூவைக் குளிர்ப்பெட்டிக்குள்தான் வைத்திருப்பார்கள். இது ஏன் இவ்வளவு ஈரமாக, வெதுவெதுப்பாக இருக்கிறது என்று யோசித்தபடியே கோயிலுக்குப் போகச் சப்பாத்தைத் தேடினேன்.