வெர்லா வீட்டுப் பச்சைத் துணி

யூட்டாவில், மலையடிவார ஊர் ஒன்றில், வெர்லா ஆல்ரெட்டைவிட ஆயத்தமான பெண்மணி, பெண்களையெல்லாம் சிஸ்டர் என்றே அழைக்கும் அவள் சபையில் கிடையாது. இது அவளே சொன்னதுதான், ஆனாலும் உண்மை. பேரிடருக்கென்று ஒவ்வொரு வீடும் ஒரு வருடத்துக்கான உணவு சேர்த்து வைக்கும்படி சபை கேட்டிருந்தது. அறுபத்தெட்டு வயது வெர்லாவின் நிலவறையில் ஏழு வருடத்துக்கான கோதுமை தகர டப்பாக்களில் இருந்தது. பால் பவுடர், உப்பு, மெழுகுவத்தி, அவள் கையாலேயே புட்டியில் அடைத்த பீச் பழம் நானூறு. உலகம் அழிகிற அன்று அவள் வீட்டில் மட்டும் மதியச் சாப்பாடு நேரத்துக்கு நடந்துவிடும்.

ஆகவே வீட்டு ஆயத்தப் பொறுப்பாளர் பதவி காலியானபோது, அது யாருக்கு என்பதில் வெர்லாவுக்குச் சந்தேகமே இல்லை. சபையில் பதவியைக் கேட்டு வாங்கக் கூடாது. பிஷப் ஜெபம் செய்து, ஞாயிறு ஆராதனையில் பெயரை அறிவிப்பார். வெர்லா அதற்கேற்ற அடக்கமான முகம் ஒன்றை வீட்டிலேயே தயார் செய்து போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

"சிஸ்டர் ஷைலீன் பாக்ஸ்டரை அழைச்சிருக்கோம். ஆதரிக்கிறவங்க வலது கையைத் தூக்குங்க," என்றார் பிஷப்.

எல்லோரும் தூக்கினார்கள். வெர்லாவும் தூக்க வேண்டியதாயிற்று. அன்று அந்தக் கை அங்குலம் அங்குலமாக ஏறியதைத் தோள்பட்டை மருத்துவர் யாராவது பார்த்திருந்தால் உடனே எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருப்பார்.

"அரிசோனாவிலேர்ந்து வந்து பதினாலு மாசம் ஆகல," என்று காரில் ஆரம்பித்தாள். "கட்டிலுக்கு அடியில நாலு பிளாஸ்டிக் டப்பா. அதுல பாதி மக்ரோனி. அவளா எனக்குச் சொல்லித் தரப் போறா?"

"பிள்ளைங்களுக்கு மக்ரோனின்னா பிடிக்கும்ல," என்றார் கணவர் டெல்மார்.

"நீ யார் பக்கம்?"

"நான் வண்டி ஓட்டிக்கிட்டிருக்கேன், வெர்லா."

ஷைலீன் வீடு வீடாக வந்து ஒரு பச்சைத் துணியும் ஒரு சிவப்புத் துணியும் கொடுத்தாள். நிலநடுக்கம் வந்தால் வாசல் கதவில் கட்ட வேண்டும். பச்சை என்றால் எல்லாரும் நலம், சிவப்பு என்றால் உதவி தேவை. நிலவறையில் வெர்லாவின் சரக்கறையைப் பார்த்ததும் அவள் வாய் பிளந்து நின்றாள். அதோடு போயிருந்தால் வெர்லா அவளை மன்னித்திருக்கவும் கூடும்.

"அலமாரியைச் சுவத்தோட சேத்துக் கட்டிடுங்க, சிஸ்டர் ஆல்ரெட். ஒரு பட்டையும் நாலு திருகாணியும் போதும்."

"முப்பது வருஷமா நிக்குதும்மா. இனிமே நீ சொல்லித்தான் நிக்கணுமா?"

அவள் போனதும் டெல்மார் திருகாணிப் பெட்டியைத் தேடினார். வெர்லா அதைப் பிடுங்கி வைத்தாள். "பட்டை கிட்டை ஒண்ணும் வேண்டாம். பூமி ஆடினா நீ ஒரே வேலை செய். ஓடிப் போய்ப் பச்சையைக் கட்டு. தெருவுல நம்ம வீடுதான் முதல்ல இருக்கணும்."

பூமி ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆடியது. அப்போது வெர்லா ஜாம் எடுக்கச் சரக்கறைக்குள் போயிருந்தாள். முப்பது வருடம் நின்ற அலமாரி பன்னிரண்டு விநாடியில் உட்கார்ந்தது. கோதுமை டப்பாக்கள் உருண்டு வந்து, உள்பக்கமாகத் திறக்கும் கதவை அடைத்துக்கொண்டன. வெர்லாவுக்கு அடியில்லை, கணுக்கால் வரை பீச் பழப் பாகில் நின்றாள்.

மேலிருந்து டெல்மார் மூச்சிரைக்க வந்தார். "வெர்லா! பச்சை கட்டிட்டேன்! நாமதான் முதல்!"

"ரொம்ப நல்லது. இப்ப கதவைத் தள்ளு."

தள்ளினார். எழுபத்திரண்டு வயது முட்டிக்கும் ஏழு வருடக் கோதுமைக்கும் நடந்த போட்டியில் கோதுமை வென்றது. "சிவப்பை மாட்டட்டுமா?" என்றார்.

"நம்ம வாசல்லயா? அவ பார்க்கவா? நான் இங்கேயே இருக்கேன். சாப்பாட்டுக்குப் பஞ்சமில்ல."

கொஞ்ச நேரத்தில் உயரத்துச் சின்ன ஜன்னல் வழியே ஷைலீனின் ஓட்டக் காலணிகள் தெரிந்தன. கூட யாரிடமோ பேசும் குரலும் கேட்டது: "சிஸ்டர் ஆல்ரெட் வீடு பச்சைதான். அவங்களுக்கு என்ன குறை? சபைக்கே சோறு போடுவாங்க." காலணிகள் நகர்ந்தன.

வெர்லா இத்தனை நாள் ஏங்கிய வார்த்தை. கண்ணை மூடி அதை ஒருமுறை முழுசாக ருசித்தாள். ருசித்து முடித்த பிறகும் கதவு மூடியேதான் இருந்தது.

ஒரு மணி நேரம் போயிற்று. தெருவைப் பார்த்துவிட்டு டெல்மார் திரும்பி வந்தார். "ஒரே ஒரு வீட்டுலதான் சிவப்பு. ஷைலீன் வீடு. வெந்நீர்த் தொட்டி சாஞ்சு ஒரே தண்ணி."

வெர்லாவின் முகம் அந்த அரையிருட்டிலும் மலர்ந்தது. "பொறுப்பாளர் வீட்டுல சிவப்பா! வெக்கமா இல்லையாமா அவளுக்கு?"

"இல்ல போல. சிரிச்சுக்கிட்டிருக்கா. பதினோரு பேர் வந்து நிக்கிறாங்க. பிஷப்பே கால்சட்டையை மடிச்சு விட்டுக்கிட்டுத் தண்ணி வாருறார்."

"பிஷப்பா?"

"சிஸ்டர் கிம்பர் சீஸ் போட்ட உருளைக்கிழங்கு செஞ்சு கொண்டு வந்திருக்காங்க. ஒரு பெரிய தட்டு நிறைய."



"எனக்கு இடுப்பு ஆபரேஷன் ஆனப்ப," என்றாள் வெர்லா மெதுவாக, "அந்த கிம்பர் எனக்கு வெறும் பச்சை ஜெல்லிதான் கொண்டு வந்தா."

"ஞாபகமிருக்கு."

"பதினோரு பேர்னா சொன்ன?"

"பதினொண்ணு."

"டெல்மார், அந்தச் சிவப்பை எடு. மடிக்காம, நல்லா விரிச்சுக் கட்டு. தெருக்கோடியிலேர்ந்தே தெரியணும்."

அரைமணிக்குள் படியில் திமுதிமுவென்று காலடிச் சத்தம். கடப்பாரை கதவு இடுக்கில் நுழைந்தது.

"எத்தனை பேர்?" என்று உள்ளேயிருந்து வெர்லா குரல் கொடுத்தாள்.

டெல்மார் எண்ணினார். "பிஷப்போட சேத்துப் பதினொண்ணு. ஷைலீனும் வந்திருக்கா. அவளையும் சேக்கட்டுமா?"

"சிஸ்டர் ஆல்ரெட், எங்கயாவது அடி பட்டிருக்கா?" என்றாள் ஷைலீன், கதவில் வாயை வைத்து.

அவளைச் சேர்த்தால் பன்னிரண்டு. சேர்க்காவிட்டால் ஷைலீன் வீட்டோடு சமம். வெர்லா பாகுக்குள் நின்றபடி, அந்த ஞாயிறு ஆராதனையில் கையைத் தூக்கியபோது பட்ட அதே பாட்டோடு, யோசித்தாள்.

"சேத்துக்கோ," என்றாள்.