இடப்பக்கச் சக்கரத்தின் ஐந்தாவது நட்டு

போன வியாழக்கிழமை காலை சேவூரிலிருந்து போன் வந்தது. பெண் குரல். "சிஸ்டருங்களா? நான் டிரைவர் சவரிமுத்து பொண்ணு பேசறேங்க. அப்பா நேத்து சாயந்திரம் போயிட்டாருங்க. சொல்ல வேண்டியவங்க பேரெல்லாம் எழுதி வச்சிருந்தாரு, நம்பர ஆஸ்பத்திரியில கேட்டு வாங்கினேங்க. உங்க பேருதான் முதல்ல இருந்துது." அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அணைக்கத் தோன்றவில்லை.

ஆரணியில் நம் ஆஸ்பத்திரியில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அவருடைய சிரிப்பையும் வெற்றிலையையும் நீங்கள் அறிவீர்கள். நான் சொல்லப்போவது உங்களுக்குத் தெரியாது.

எண்பதுகளின் தொடக்கம். நான் நர்ஸாகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, வேலை உறுதியாகவில்லை. வாரம் ஒரு முறை ஜீப்பில் ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுப்போம். தேசூர்ப் பக்கம் தாய்மார்கள் மருந்தைக் கண்டு மிரண்டால், சவரிமுத்து முதலில் தன் வாயைத் திறந்து காட்டுவார். "எனக்கு ஊத்துங்க சிஸ்டர், நானும் கொழந்ததான்" என்பார். சிரித்துக்கொண்டே பிள்ளையை நீட்டுவார்கள்.

அன்று பெரணமல்லூர் போக வேண்டும். வழியில் ஒரு நெசவாளர் தெருவருகே இடப்பக்கப் பின்சக்கரம் பஞ்சர். முதல் நாள் மழையில் தரை சேறு. "ஜாக்கி உள்ள எறங்கிடும். அடியில வைக்கப் பலக ஒண்ணு வாங்கிகினு வந்துடறேன். நீங்க சும்மா உக்காருங்க சிஸ்டர்" என்று போனார். சும்மா உட்காருகிற ஜாதியா நான்? மருந்துப் பெட்டிக்குள் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. ஐஸ் போனால் மருந்து போச்சு. ஸ்பேனரை எடுத்து நட்டில் மாட்டி, உலகத்தில் எல்லா நட்டையும் கழற்றுவதுபோல் இடப்பக்கமாகத் திருகினேன். அசையவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு ஸ்பேனர்மேல் ஏறி நின்றேன். சர்ரென்று வழுக்கியது. நட்டின் ஆறு முனையும் மழுங்கி உருண்டையாகிவிட்டது.

பலகையோடு வந்தவர் பார்த்தார். திட்டவில்லை. "இந்த ஜீப்புக்கு இடப்பக்கம் மரை தலைகீழ் சிஸ்டர். கழட்டறோம்னு நெனச்சிகினு இறுக்கிட்டீங்க."

மற்ற நான்கும் வலப்பக்கம் திருப்பியதும் சொன்ன பேச்சைக் கேட்டன. ஐந்தாவதில் ஸ்பேனர் நிற்கவேயில்லை. ஒரு வீட்டில் மண்ணெண்ணெய் வாங்கி நட்டின் அடியில் ஊற்றினார். தறி சரிசெய்ய வந்திருந்த தச்சரிடம் உளியும் சுத்தியலும் கேட்டு வாங்கினார். நட்டின் ஓரத்தில் உளியைச் சாய்த்து வைத்து, தட்டினார். நிறுத்தினார். மறுபடி தட்டினார்.

"ஆச்சா டிரைவர்?"

"ஜல்தி பண்ணா உளி சறுக்கும். கூட ரெண்டு மரை போவும்."

"அங்க பொம்பளைங்க வெயில்ல நிக்கறாங்க."

"நீங்க ஐஸப் பாருங்க சிஸ்டர், நான் இதப் பாக்கறேன்."

தறிக்கான பாவு நூலை நனைக்கும் தண்ணீரில் ஒரு சாக்கை முக்கி, அந்த வீட்டு அம்மாள் பெட்டிமேல் போர்த்தினார். முக்கால் மணி நேரம் ஆனது. கிர்ரென்று ஒரு சத்தம். நட்டு மயிரிழை நகர்ந்தது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த முகம் எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது.

பெரணமல்லூர் போனபோது பாதிப் பேர் காத்திருந்து வீடு திரும்பியிருந்தார்கள். பெட்டிக்குள் விரல் அளவு ஐஸ் மிஞ்சியிருந்தது. நின்றவர்களின் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். மற்றவர்களுக்கு அடுத்த மாதம்தான் என்றாகிவிட்டது.

பெரிய டாக்டர் மறுநாள் இருவரையும் கூப்பிட்டார். என்ன ஆயிற்று என்று அவரைத்தான் கேட்டார். "நட்டு மழுங்கிப்போச்சுங்க" என்றார் சவரிமுத்து. அவ்வளவுதான். யார் மழுக்கியது என்று டாக்டர் கேட்கவில்லை. டிரைவர்தான் என்று அவரே நினைத்துக்கொண்டார். சவரிமுத்து மறுக்கவில்லை. பக்கத்தில் நின்ற நானும் வாயைத் திறக்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு மூன்று மாதம் ஜெனரேட்டர் அறைக்கு அனுப்பினார்கள்.

அங்கே போய் அவர்முன் அழுதேன். "நான் பொய் எதுவும் சொல்லலியே சிஸ்டர். மழுங்கினது நெஜம்தானே? உங்க வேலை நெலைக்கட்டும். எனக்கு இங்க நெழல்" என்றார். ஒருநாள் சொல்லிவிடுவேன் என்றேன். "சொல்லலாம், சொல்லலாம்" என்று சிரித்தார்.

அந்த மூன்று மாதம் வேறொரு டிரைவரோடு போனேன். ஒவ்வொரு ஊரிலும் அவர் குரலுக்காகத் திரும்பிப் பார்த்தேன். நான் அவரை விரும்பினேனா என்று இந்த வயதில் கேட்டால் ஆமாம் என்பேன். அவரிடம் சொல்லவில்லை. அவர் ஜீப்புக்குத் திரும்பிய மாதமே எனக்கு மாற்றல் வந்தது. பிறகு பார்க்கவேயில்லை. ஆரணி பஸ்ஸைக் கண்டால் இப்போதும் மனசு ஏறி உட்கார்ந்துவிடுகிறது.

அவருடைய படமோ கடிதமோ என்னிடம் இல்லை. எனக்காக அவர் பாதியில் நிறுத்திய அந்த ஒரு வாக்கியத்தைத்தான் இத்தனை வருடம் வைத்திருக்கிறேன். அவர் கேட்க முடியாத நாளில், உங்கள் எல்லார் முன்னாலும் அதை முடிக்கிறேன். அந்த நட்டு தானாக மழுங்கவில்லை. நான்தான் மழுக்கினேன்.