சூரியன் மறையாத விருந்து

திண்டிவனத்தில் மல்லாட்டை என்னும் நிலக்கடலையை வாணிகம் செய்த ஒரு சமணக் குடும்பத்தின் மருமகள் அனந்தவல்லி. எட்டாம் வகுப்புக்குமேல் படித்தவள் அல்லள். ஆயினும் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்துவிடுவாள். பொய்யாகப் பாராட்ட அவளுக்குத் தெரியாது. அதனால்தான் விழுப்புரத்தில் ஆங்கில ஆசிரியராக இருந்த அவளுடைய அண்ணன் தரணேந்திரன், பல ஆண்டுகள் உழைத்துத் தமிழாக்கிய அயல்நாட்டு நாவலை முதலில் அவளுக்கே அனுப்பினார்.

அது மிக நீண்ட நாவல். காதலாகத் தொடங்கிப் போராக மாறி, நடுவே பேய் உலவி, ஒரு கொலையைத் துப்பறிவதில் முடிந்தது. 1958ஆம் ஆண்டு மழைக்காலம் முழுவதும் அனந்தவல்லி அதைப் படித்தாள். பனியில் மடிந்த வீரனுக்காக அழுதாள். பேய் வரும் பக்கங்களைப் பகலில் மட்டும் படித்தாள். முடித்தபோது, நெடுநாள் தங்கிய ஊரைவிட்டுக் கிளம்புவது போன்ற ஏக்கம் உண்டாயிற்று. கூடவே, ஏமாந்துவிட்டது போன்ற எரிச்சலும். எரிச்சலின் காரணத்தைக் கண்டுகொண்ட பின்னர் அவளுக்கு அச்சம் பிடித்துக்கொண்டது.

முன்பு ஒரு நாடகத்தை அண்ணன் மொழிபெயர்த்திருந்தார். உடன் பணியாற்றிய ஒருவர் படித்துவிட்டுச் சிரித்தார் என்பதற்காக, அன்றே அதை வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார். இந்தத் தமிழாக்கத்துக்கும் வேறு கையெழுத்துப் படி இல்லை. அவள் ஒப்புதல் சொன்னால், மறுநாள் அச்சகத்து மாசிலாமணி வந்து வாங்கிச் செல்வதாக ஏற்பாடு.

மயிலம், விக்கிரவாண்டி என்று விழுப்புரம் செல்லும் ரயில் நின்று நின்று சென்றது. மடியிலிருந்த காகிதக் கட்டை அவள் இரு கைகளாலும் பற்றியிருந்தாள். உள்ளதைச் சொன்னால் அடுப்பு. சொல்லாவிட்டால் ஊரே சிரிக்கும்.

அவள் அண்ணன் வீடு சேர்ந்தபோது வெயில் இறங்கிவிட்டது. சூரியன் மறையுமுன் உண்டு முடிப்பது சமணர்களான அவர்களுடைய நோன்பு. அண்ணி ஞானமதி அவசரமாக இலை போட்டாள்.

"பொழுது போறதுக்குள்ள ஜல்தியா உக்காருங்க ரெண்டு பேரும். கதை எங்கியும் ஓடிடாது."

தரணேந்திரன் சோற்றைத் தொடவில்லை. "மொதல்ல சொல்லும்மா, எப்படி இருக்குது?"

"சண்டை வர்ற எடத்துல அழுதுக்கினே படிச்சேன், அண்ணா. பேயை நெனச்சா இன்னமும் ஒடம்பு நடுங்குது."

"அப்புறம் இன்னாத்துக்கு மூஞ்ச அப்படி வச்சிக்கினு இருக்கிற?"

அவள் இலையைப் பார்த்தபடியே கேட்டாள். "அந்தக் கொலை நடக்கிற விருந்து, இங்கிலீஷ்ல ராத்திரியா பகலா?"

அவர் முகம் இறுகிற்று. "ராத்திரி. நான்தான் சாயங்காலமா மாத்தினேன். அதுக்கு இன்னா?"

"வெளக்கு அணைஞ்சதால கொன்னவன் மொகத்த யாரும் பாக்கலன்னு எழுதியிருக்கிறீங்க. வெயில் அடிக்கிறப்போ வெளக்கு எரிஞ்சா இன்னா, அணைஞ்சா இன்னா? அத்தினி பேரு எதிர்லயே குத்திட்டுப் போறான். அந்தத் துப்பறியிற ஆளு கடைசி வரைக்கும் அவனைத் தேடிக்கினே இருக்கிறாரு!"

ஞானமதி முந்தானையால் வாயைப் பொத்தினாள். ஆனாலும் சிரிப்பு வெளியே கேட்டுவிட்டது.

தரணேந்திரன் எழுந்துவிட்டார். "ராத்திரிச் சாப்பாட்டை என் கையால பரிமாறச் சொல்றியா?"

"அவங்க நம்மவங்க இல்லியே, அண்ணா. அவங்களுக்கும் சேர்த்து நீங்க எதுக்கு நோம்பு இருக்கிறீங்க?"

 அவர் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு புழக்கடைக்கு நடந்தார். அங்கே வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அனந்தவல்லி பின்தொடர்ந்தாள். அடுப்பின் முன்னே அவர் நின்றார். நெடுநேரம் நின்றார். ஓட்டின்மேல் இருந்த கடைசி வெயிலும் மறைந்தது.

"பொழுது போயிடுச்சி," என்றாள் ஞானமதி, உள்ளிருந்து. "இனிமே ரெண்டு பேருக்கும் நாளைக்குத்தான் சோறு."

அவர் திரும்பினார். கட்டு அவர் கையிலேயே இருந்தது.

"வெளக்கக் கொளுத்து," என்றார்.

விருந்துப் பக்கங்களை உருவியெடுத்துக் குறுக்கே கோடிட்டார். ஆங்கில நூலைப் புரட்டியவர் சற்றைக்கெல்லாம் பெருமூச்சு விட்டார்.

"வல்லி, இவனுங்க வகைவகையாப் பரிமாறிக்கினே இருக்கிறானுங்க. நான் வெறும் வயித்தோட இத்தனியும் எழுதணுமா?"

அவளுக்கும் பசித்தது.

"ஒண்ணையும் விட்டுடாதீங்க, அண்ணா," என்றாள்.