நூறு பேருக்குச் சேவை

நான் கையைத் தூக்கியது மின்விசிறியைக் காட்டுவதற்காக. மயிலாப்பூர்க் கல்யாண மண்டபத்தில் எங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினர் மக்களைச் சந்தித்த அன்று, என் தலைக்கு மேலிருந்த விசிறி மட்டும் ஓடவில்லை. அப்போதுதான் அவர் தம்முடைய மூன்று முன்னுரிமைகளைச் சொல்லி முடித்திருந்தார்: கட்டுப்படியாகிற வாழ்க்கை, கல்வி, சேவை. மூன்றையும் ஒரே இடத்தில் தொடங்கலாமாம். பக்கத்து அரசுப் பள்ளியில் மாலை ஐந்திலிருந்து ஏழரை வரை இலவசப் படிப்பறை. மேசையும் விளக்கும் அவருடைய தொகுதி நிதியில். வாரம் ஒரு சாயங்காலம் வந்து சொல்லித்தர நூறு பேர் சேர வேண்டும். சேராவிட்டால் நிதி வேறு பள்ளிக்குப் போய்விடும்.

"யார் பொறுப்பா எடுத்துச் செய்வீங்க?" என்று கேட்டார்.

தூக்கியிருந்த கை ஒன்றே ஒன்று. மண்டபம் முழுக்கக் கைதட்டல். அதற்குப் பிறகு விசிறியைப் பற்றி எப்படிப் பேசுவது?

வாசலில் ஒரு பெண் என்னைப் பிடித்துக்கொண்டார். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்பவர். ஆற்றோரத்தில் இருந்த வீட்டை ஊருக்கு வெளியே மாற்றிவிட்டார்கள். வியாபாரமும் மகளின் பள்ளியும் மட்டும் இங்கேயே இருந்தன.

"நாலு மணிக்கு ஸ்கூல் வுட்டுர்றாங்க சார். எனக்கு யாவாரம் முடிய ஏழாவுது. அதுவரைக்கும் பொண்ணு மீனாண்ட குந்திக்கினு கீது. டியூசன்லாம் வெச்சா கட்டுப்படியாவாது. இது வந்தா இங்கியே படிக்கும். இல்லாங்காட்டி ஸ்கூல மாத்தணும்."

"கவலைப்படாதீங்கம்மா" என்றேன். அவருடைய கவலை அப்படியே என் தலைக்கு மாறியது. நூறு பேருக்கு நான் எங்கே போவேன்? எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டி கழுவுவதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டாலே நாலு பேர்தான் வருவார்கள். அதில் ஒருவர் காது கேளாதவர்.

வியாழக்கிழமை உறுப்பினரின் உதவியாளர் போன் செய்தார்.

"சார், ஞாயிறு காலைல பத்து மணிக்கு ஐயா ஸ்கூலுக்கு வர்றாரு. சேவை, நூறு பேரு. ரெடியா இருக்கணும்."

எனக்கு உயிர் வந்தது. ஆள் சேர்ப்பதை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள், நம் வேலை டிபன் மட்டும்! ஊருக்கெல்லாம் சேவை என்றால் தொண்டு. எங்கள் வீட்டில் அது இடியாப்பத்துக்குச் சித்தப்பா பிள்ளை. உதிர்த்து, எலுமிச்சை பிழிந்து, கடுகு தாளித்துத் தின்பது.

"எந்தெந்தச் சேவை சார்?" என்று பொறுப்போடு கேட்டேன்.

"எல்லா வகையும்தான் சார். என்னென்ன முடியுதோ."

மனைவிக்குச் சந்தேகம். "நூறு பேருக்கா? ஆத்துல இருக்கற சேவை நாழியில பிழிஞ்சிண்டிருந்தா தீபாவளி வந்துடும். நன்னா விசாரிச்சேளா?"

"விசாரிச்சாச்சு. எல்லா வகையும்னுட்டார்."

சமையல்காரரைப் பிடித்து எலுமிச்சை, தேங்காய், புளி என்று மூன்று வகை செய்து, பொட்டலம் கட்டி, ஞாயிறு ஒன்பதரைக்குப் பள்ளியில் அடுக்கினேன். ஜம்மென்று மணந்தது. ஒரு ஈ, காக்கை இல்லை.

முதலில் வந்தவர் மீன்காரப் பெண். "இன்னா சார், டிபன் கடை போட்டுக்கினு கீறே? பேர் எழுத வந்த ஆளுங்க எங்க? ஞாயித்துக்கெழம யாவாரத்த வுட்டுட்டு வந்துக்கீறேன் நானு."

அடுத்து உதவியாளர். பொட்டலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார், நான் சொன்ன சேவை..."

அவர் முடிக்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. என் மூளை உடனே சுறுசுறுப்பாக வேலை செய்து, ஸ்கூட்டர் நிற்கும் திசையைக் கண்டுபிடித்தது. பின்பக்கமாக நழுவிப் போனால், மைக்செட் ஏற்றிய ஆட்டோ ஒன்று ஸ்கூட்டரைச் சுவரோடு நசுக்காத குறையாக நின்றது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். சுற்றுச்சுவர் ஏறலாமா என்றுகூட அளந்தேன். ஐம்பத்திரண்டு வயதுத் தொப்பைக்கு அந்தச் சுவர் இமயமலை.

திரும்பி வந்தபோது உறுப்பினர் நின்றுகொண்டிருந்தார். உண்மையைச் சொன்னேன். வேறு பொய் எதுவும் அகப்படவில்லை.

"நான் கேட்டது கை. நீங்க வாய்க்கு ஏற்பாடு பண்ணியிருக்கீங்க" என்றார். சிரிக்கவில்லை. "பதினொரு மணிக்கு அடையாறுல கூட்டம். பத்தரை வரைக்கும் இருக்கேன்."

மீன்காரப் பெண் கூடை நிறையப் பொட்டலங்களை வாரிக்கொண்டு தெருமுனைக்குப் போனார். மீன் விற்கும் குரல் அங்கிருந்து கேட்டது.

"வா நைனா! சூடா கீது! துண்ணுட்டுப் பேர் எழுது! மாமா, நடந்து நடந்து எளைச்சுப் பூட்டியே, வந்து வாங்கிக்க!"

நடைப்பயிற்சி முடித்தவர்கள், கோயிலிலிருந்து திரும்பியவர்கள், பேப்பர் வாங்க வந்தவர்கள். உள்ளே வருவது சுலபமாக இருந்தது. வெளியே போகும் வழியில் நான் நோட்டோடு நின்றேன். வாய் நிறையச் சேவையை வைத்துக்கொண்டு மாட்டேன் என்று சொல்வது கஷ்டம்.

"எனக்கு எல்.ஐ.சி. வேலைதான் தெரியும், நான் என்னத்தைச் சொல்லிக்குடுப்பேன்?" என்றார் ஒருவர்.

"பக்கத்துல உக்காருங்கோ, போதும்" என்றேன்.

பத்தரைக்கு எண்பத்து மூன்று பெயர்கள். பொட்டலம் தீர்ந்துவிட்டது. தெருவும் தீர்ந்துவிட்டது. உறுப்பினர் நோட்டைப் புரட்டினார். மீன்காரப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவர் விரலையே பார்த்தார்.

"பதினேழு குறையுது."

"எம்பேரை எழுதிக்கறேன் சார்" என்றேன்.

"அப்பவும் பதினாறு."

"எல்லா நாளும் எழுதிக்கறேன்." இதைச் சொன்னது யார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். நான்தான்.

அவர் பேனாவை எடுத்தார். "பதினாறு பேர் சேர்ற வரைக்கும் தெனம் நீங்க வரணும். நாளைக்கே தொறந்துடுங்க. மேசை அடுத்த மாசம் வரும்." கையெழுத்துப் போட்டுவிட்டு அடையாறுக்குக் கிளம்பினார்.

மீன்காரப் பெண் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டார். "கரீட்டா அஞ்சுக்குத் தொறந்துடு சார். எம்பொண்ணு கணக்குல வீக்கு."

நானும்தான் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் பஸ் பிடிக்க ஓடிவிட்டார்.

எட்டு மாதமாகிறது. பதினாறில் ஐந்து பேர் சேர்ந்திருக்கிறார்கள். மீன்காரப் பெண்ணின் மகள் பின்னக் கணக்கில் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். என் விடையைத் திருத்தும்போது மட்டும் கொஞ்சம் மரியாதையாகத் திருத்துகிறாள். மழை, தலைவலி, மாமனார் வீட்டு விசேஷம் என்று தினமும் நாலு மணிக்கு ஒரு காரணம் யோசிக்கிறேன். ஒன்றும் பலிப்பதில்லை. அறைச் சாவி ஒன்றே ஒன்றுதான். அதை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.